பெட்டியும் உழைச்செல்வானும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துச் சொல்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றும் எவருக்கும் எளிதில் விளங்குவன. நான்காவதாக வள்ளுவர் நிறுத்திய ஆளுக்கு உழைச்செல்வான் என்று பெயர். உழை என்றால் பக்கம். பக்கத்தே நின்று வேண்டுவன செய்பவன் உழைச்செல்வான். வகுப்பறையில் இச்சொல்லுக்குத் தாதி என்றோ துணையாள் என்றோ பொருள் கூறிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று எண்ணினால், இந்நான்கனுள் நோயாளியை முதலில் அடைபவன் அவனே என்பது புலனாகும். மருத்துவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மருந்து அங்குள்ள அலுமாரியில் இருக்கிறது. விபத்தோ குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடும் படகில் நிகழ்கிறது, அல்லது ஒரு புகையிலைத் தோட்டத்தில், அல்லது ஒரு பனையின் அடியில். அங்கே உள்ளவன் உழைச்செல்வான் ஒருவனே. அவன் கையில் இருப்பது ஒரு பெட்டி.

அப்பெட்டியை முதலுதவிப் பெட்டி என்கிறோம். நோயாளர் காவு வண்டியில் வருவோர், கடற்கரையில் நிற்கும் உயிர்காப்பாளர், கண்ணிவெடி அகற்றும் அணியுடன் செல்லும் மருத்துவ உதவியாளர், படகோட்டி, பாடசாலை ஆசிரியர் என்று அதைத் திறக்க நேரிடுவோர் பலர். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது பற்றிப் பட்டியல்கள் ஏராளம். எதை எடுத்து வெளியே எறிந்தார்கள் என்பதைப் பற்றி எழுதியோர் குறைவு. பெட்டியின் வரலாற்றிற் பாதி, எறிந்தவற்றின் வரலாறே.

இவ்வகைப் பெட்டிகளுள் மிகப் பழையவை நீரில் மூழ்கியோருக்காக அமைந்தவை. வாய்க்கால்கள் நிறைந்த அம்ஸ்ரடாம் நகரில் 1767ஆம் ஆண்டு, மூழ்கியோரை மீட்பதற்கென ஒரு சங்கம் எழுந்தது. அதைப் பின்பற்றி 1774இல் இலண்டனில் வில்லியம் ஹோஸ், தோமஸ் கோகன் என்னும் இரு வைத்தியர்கள் மற்றொரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். தேம்ஸ் நதிக்கரையில் அச்சங்கத்தார் வைத்த பெட்டிகளில் ஒரு துருத்தியும் குழாயும் புகையிலையும் இருந்தன. மூழ்கியவனின் ஆசன வாயில் குழாயை நுழைத்துப் புகையிலைப் புகையை உள்ளே ஊதினால் அவன் உயிர் திரும்பும் என்று அக்காலத்துப் பேரறிஞர்கள் நம்பினர். புகையிலைக்குப் பேர் போன யாழ்ப்பாணத்தில் இந்த வைத்தியம் பரவாதது நம்முடைய நல்வினை என்றே சொல்ல வேண்டும். புகையிலையின் சாரம் இதயத்துக்கு நஞ்சு என்பதை 1811இல் பெஞ்சமின் புரோடி என்பவர் காட்டியபின் அவ்வழக்கம் மெல்ல ஒழிந்தது.

நகைப்பதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை. மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவதும், தோளிலிட்டுச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வயிற்றில் இருக்கும் தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை. மூளைக்கு ஒட்சிசன் போகாமையே கொல்கிறது. வயிற்றை அமுக்கினால் அங்குள்ளது மேலெழுந்து சுவாசப்பையினுட் புகுந்து கேட்டை இரட்டிப்பாக்கும். மேனாட்டாரும் இதனை ஒரே நாளிற் கண்டறிந்தாரல்லர். 1858இல் சில்வெஸ்ரர் என்பவர் கைகளைத் தூக்கி இறக்கும் முறையைச் சொன்னார். 1903இல் ஷேபர் என்பவர் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் முறையைச் சொன்னார். 1932இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹொல்கர் நீல்சன் இன்னொன்றைச் சொன்னார். வாயோடு வாய் வைத்து ஊதும் முறை 1950களின் பிற்பகுதியிலும், நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யும் முறை 1960இல் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரிலிருந்தும் உறுதிபெற்று வந்தன. இன்று மூழ்கியவனுக்கு முதலில் மூச்சு. உடனே நெஞ்சழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இதற்கென உயிர்காப்பாளரின் பெட்டியில் இருப்பது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு முகமூடி. ஊதிய மூச்சைத் திரும்ப விடாத சிறு தடுப்பு ஒன்று அதில் உண்டு. அதுகூட இல்லாவிடினும் வெறுங்கையால் வேலை நடக்கும். துருத்தியும் புகையிலையும் போன இடத்தை நிரப்பியது பெரும்பாலும் அறிவே.

யாழ்ப்பாணத்துக் கடற்கரை நீந்துவோரின் கரை. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முற்பட்டபோது அக்கடலிலேயே உயிர்நீத்தார். நீச்சல் வல்லமை எல்லாவற்றுக்கும் காப்பாகாது என்பதற்கு அவருடைய முடிவைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மூழ்குபவனைக் காணும் இளைஞன் உடனே குதிக்கிறான். மூழ்குபவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். இரண்டு சடலங்கள் ஒதுங்குகின்றன. ஆகவே பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் முதலில் எட்டிப் பிடிக்க ஏதேனும் நீட்டுவார், பின்னர் மிதவையோ கயிறோ எறிவார், இறுதியாகவே தாம் இறங்குவார். கயிறும் மிதவையும் மருந்துப் பெட்டிக்குள் அடங்காதவை எனினும் அவற்றையே அவருடைய முதல் மருந்து என்று சொல்லலாம். நிலாவரைக் கிணற்றோரத்திலும் கீரிமலைக் கேணியருகிலும் ஒரு கயிறு எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவேண்டும் என்பது நம் கருத்து.

அடுத்து நஞ்சு. வடபகுதியில் நாகமும் புடையனும் கட்டுவிரியனும் உண்டு. வறண்ட மணற்பாங்கில் சுருட்டை விரியனும் உண்டு. பாயில் நிலத்திற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் நள்ளிரவிற் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் வயிறு நோகும், இமைகள் தாழும், பின் மூச்சு தளரும். முற்காலப் பெட்டிகளிற் பாம்புக்கடிக்கென ஒரு சிறு கத்தியும் ஊதாநிறக் கொண்டிஸ் உப்பும் இருக்கும். 1904ஆம் ஆண்டளவில் சேர் லோடர் பிரன்ரன், சேர் ஜோசப் பேரர், லெனாட் றொஜேர்ஸ் ஆகியோர் அவ்வுப்பை ஆராய்ந்தனர். ஒரு முனையிற் கத்தியும் மறு முனையில் உப்பும் வைத்த சிறிய மரக்குழல் இந்தியாவெங்கும் பரப்பப்பட்டது. கடிவாயைக் கீறி உப்பைத் தேய்க்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கம், பெரிய பெயர்கள், பயனோ இல்லை. கீறிய இடத்தில் இரத்தம் நில்லாமற் பெருகுவதும் தசை அழுகுவதும் மிஞ்சின. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை, கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே என்கிறது. கடியுண்டவரை நடக்க விடாமல், கடிபட்ட அவயவத்தை முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் மட்டை வைத்து அசையாமற் கட்டி, வைத்தியசாலைக்கு விரைவதே முதலுதவி. மோதிரம், காப்பு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். நஞ்செதிர் மருந்தைப் பெட்டியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அம்மருந்து சிலரது உடலில் உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அதைச் சமாளிக்க மருத்துவரும் கருவிகளும் அருகிருக்க வேண்டும். ஆதலால் அதன் இடம் வைத்தியசாலையே.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். குருதியோட்டம் நிற்கும்படி அவயவத்தைச் சுற்றி இறுக்கும் பட்டியைப் பாம்புக்கடிக்கு ஆகாது என்றோம். அதே பட்டி, கை கால் துண்டிக்கப்பட்டுக் குருதி பீறிடும்போது உயிர் காக்கும். பல்லாண்டு காலம் முதலுதவி நூல்கள் அதனை ஒதுக்கியே வைத்திருந்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அதனை மீண்டும் பெட்டிக்குட் கொண்டுவந்தது. குடாநாட்டின் வாயிலான முகமாலையிற் கண்ணிவெடி அகற்றுவோரின் அருகே மருத்துவ உதவியாளர் எப்போதும் காத்திருப்பார். அவரது பையில் அப்பட்டி முதலிடம் பெறும். ஒரே பொருள் ஓரிடத்தில் அமுதம், ஓரிடத்தில் நஞ்சு. பட்டி தானாக வாய் திறந்து எங்கே தன்னைக் கட்டவேண்டும் என்று சொல்லாது. சொல்லவேண்டியது பக்கத்தில் உள்ள எழுத்து.

பனையிலிருந்து விழுந்தவரின் நிலையும் அத்தகையதே. சீவல் தொழிலாளர் விழுந்தால் அயலவர் ஓடிவந்து தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து இருத்துவது வழக்கம். அன்பினாற் செய்வதுதான். ஆயினும் முள்ளந்தண்டு முறிந்திருந்தால், அந்தத் தூக்கலே முறிவை முண்ணாணில் ஏற்றி, எழுந்து நடக்கக்கூடியவரைக் கட்டிலோடு கிடத்திவிடும். தலையையும் உடலையும் ஒரே கோட்டில் வைத்து, நாலைந்து பேர் ஒருசேரப் பிடித்து ஒரு பலகையில் ஏற்றவேண்டும். கதவுப் பலகை போதும். இதற்குப் பெட்டியே வேண்டியதில்லை; ஒரு வசனம் தெரிந்திருந்தாற் போதும்.

வசனத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பதை முதலில் நன்குணர்ந்தவர் ஜேர்மனியப் படை வைத்தியர் எஸ்மார்க். முக்கோணக் கட்டுத்துணியைப் பரப்பியவர் அவர். 1870களில் அவர் வழங்கிய துணிகளிற் படங்கள் அச்சிடப்பட்டிருந்தன. தலைக் காயத்துக்கு எப்படிக் கட்டுவது, கையை எப்படிக் கழுத்திலிருந்து தூக்கிக் கட்டுவது, முழங்காலை எப்படிச் சுற்றுவது என்பவற்றைத் துணியே காட்டிற்று. எழுத்தறியாத சிப்பாயும் அதைப் பார்த்துத் தன் தோழனுக்குக் கட்டுப் போடலாம். நூலும் மருந்தும் ஒன்றாக நெய்யப்பட்ட அத்துணியை, 1877இல் இங்கிலாந்தில் எழுந்த சென்ற் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் கைக்கொண்டது. 1888இல் அமெரிக்காவில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தார் இருப்புப் பாதைத் தொழிலாளருக்கென முதலுதவிப் பெட்டிகளை விற்பனைக்கு விடுத்தனர். இன்று நம் சுவர்களில் தொங்கும் பெட்டிகளின் முன்னோர் அவையே.

மருத்துவ அறிவைத் தமிழிற் சொல்லும் முயற்சியில் யாழ்ப்பாணம் எவருக்கும் பின்னிற்கவில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தார். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இருந்து வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போயினர். கிராமத்து நோயாளி முன்போலவே தனித்து நின்றார். இடையில் அமெரிக்கா சென்று 1862இல் திரும்பிய கிறீன், தமிழிலேயே கற்பிப்பதென்று துணிந்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் ஆக்கினார். 1867இல் இரண வைத்தியம் என்ற பெயரில் அறுவை மருத்துவ நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். 1872இல் வைத்தியாகரம் வந்தது; 1875இல் கெமிஸ்தம் வந்தது. 1884இல் அவர் அமெரிக்காவில் மறைந்தபோது, தமிழர்களின் மருத்துவ ஊழியர் எனப் பொருள்படும் வாசகம், அவர் விரும்பியவாறே, அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

இரண வைத்தியம் அச்சேறிய அதே 1867ஆம் ஆண்டிலேதான் ஜோசப் லிஸ்ரர், காயத்தைக் காபோலிக் அமிலத்தாற் காக்கும் முறையை இலண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். அன்றைய புத்தம்புதிய அறிவுக்கு அத்துணை அண்மையில் தமிழ் நின்றது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. பெருமையோடு ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும். கிறீன் ஆண்ட தமிழ் வடசொல் மிக்க பண்டிதத் தமிழ். உடல்நலம் பேணுதலுக்கு உற்பாலனம் என்று பெயரிட்டார். மாணவர் அகராதி வைத்துக் கற்றனர்; அது கல்லூரிக்குப் பொருந்தியது. படகில் இரத்தம் ஒழுகும்போது அகராதி தேட நேரமில்லை. தமிழில் எழுதிவிட்டோம் என்பதனால் மட்டும் ஒரு வாசகம் விளங்கிவிடாது.

இனி அண்மைக் காலம். 1990 என்னும் எண் யாழ்ப்பாணத்தாருக்கு முதலில் ஓர் ஆண்டையே நினைவூட்டும். அவ்வாண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டது; ஐப்பசியில் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன்பின் வந்த தடைக்காலத்தில் மருந்துப் பொருள்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1987 ஒக்ரோபரில், யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளேயே மருத்துவரும் தாதியரும் நோயாளரும் இந்தியப் படையினராற் கொல்லப்பட்டனர். 1990இல் அவ்வைத்தியசாலை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் வந்தது. ஒரு துணியில் வரைந்த சிலுவை மனித உயிருக்கு வேலியாக நிற்பதை நாம் கண்ணாற் கண்டோம். வேலி இல்லாத நாள்களையும் கண்டோம். ஆதலால் கடைகளில் விற்கும் பெட்டிகளிற் செஞ்சிலுவையைக் கண்டபடி தீட்டுவதை நாம் ஏற்பதில்லை. போரிற் காப்பளிப்பதற்கென ஜெனீவா உடன்படிக்கைகள் ஒதுக்கிய சின்னம் அது. சாதாரண முதலுதவிப் பெட்டிக்குரிய உலகப் பொதுக்குறி, பச்சை நிலத்தில் வெண்சிலுவை.

அதே 1990 இன்று வேறொரு பொருளும் தருகிறது. இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவையின் தொலைபேசி எண் அது. வட மாகாணத்துக்கு 2018 ஜூலை 21ஆம் நாள் அது விரிந்தது; தொடக்க விழா யாழ்ப்பாணத்தில் நடந்தது. கட்டணம் இல்லை. வண்டியில் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். அவருடைய பெட்டி பெரிது. ஒட்சிசன் கலனும் உண்டு. அவர் வந்து சேர்ந்ததும் நம் கவலையிற் பாதி நீங்கும். ஆனால் வண்டி தெருவில் ஓடுவது, கடலில் ஓடாது. நெடுந்தீவிலோ அனலைதீவிலோ எழுவைதீவிலோ இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோவு கண்டால், கடற்படைப் படகோ தனியார் படகோ தேடி, அலைக்கு அஞ்சி, கரை சேர்ந்தபின்னரே வண்டி. நெடுந்தீவுப் பயணம் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு உழைச்செல்வான் யார்? படகோட்டியும் பக்கத்திலிருக்கும் பயணியுமே.

அவர்கள் திறக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். கட்டுத்துணி, பஞ்சு, வலைத்துணி, பிளாஸ்ரர், கத்தரிக்கோல், கையுறை, கிருமி கொல்லி. ஒவ்வொன்றின் உறையிலும் ஆங்கிலம், அதுவும் எறும்பளவு எழுத்தில். மூடியின் உட்புறம் பெரும்பாலும் வெறுமை. அந்த வெறுமையை நிரப்புவது தமிழாசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய வேலை. மருத்துவர் ஒருவர் பொருளைச் சரிபார்க்க வேண்டும். சொல்லைச் சரிபார்க்கத் தமிழறிந்தவர் வேண்டும். மூடிக்குள் அடங்கும் தாளில் நூறு சொல்லுக்கு மேல் இடமில்லை. ஆகவே நயமான சொற்களை விட்டுவிட்டு, கட்டளைச் சொற்களை மட்டும் வைக்கவேண்டும். இரத்தம் ஓடினால் துணியை வைத்து அழுத்திப் பிடி, விடாதே, எடுத்துப் பார்க்காதே. மூழ்கியவர் மூச்சு விடாவிட்டால் முதலில் ஊது, பிறகு நெஞ்சை அழுத்து. பாம்பு கடித்தால் வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, ஆளை நடக்க விடாதே. திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வை. பனையால் விழுந்தவரைத் தனியே தூக்காதே. 1990ஐ அழை.

அழுத்திப் பிடி என்பதா, அமத்திப் பிடி என்பதா என்று இலக்கிய வட்டங்களில் வாதம் எழலாம். குடாநாட்டில் எல்லோரும் சொல்வது அமத்து. பாடநூலில் எழுதுவது அழுத்து. நாம் அமத்து என்பதையே ஆதரிப்போம். பண்டிதர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து வாசிக்க வராதவருக்கு எஸ்மார்க் காட்டிய வழியிற் பக்கத்தே படங்கள் வேண்டும். நமது ஓவிய ஆசிரியர்கள் அதற்கு இருக்கிறார்கள். படத்தில் வரும் ஆள் சாரம் கட்டியவராகவும், படகு நம் கடலில் ஓடும் படகாகவும் இருந்தால் நன்று.

தாளைப் பிளாஸ்ரிக் உறையிட்டே ஒட்டவேண்டும். தீவகத்து உப்புக் காற்றில் வெறுந்தாள் ஒரு மாரிக்குத் தாங்காது. கத்தரிக்கோலும் அவ்வாறே துருப்பிடிக்கும். கிருமி கொல்லியின் காலம் கடந்துபோகும். கையுறை பிசுபிசுத்துக் கிழியும். பாடசாலைத் தவணை தொடங்கும் ஒவ்வொரு முதல் வாரத்திலும் மாணவர் இருவர் பெட்டியைத் திறந்து பார்த்து, மாற்றவேண்டியவற்றை மூடியிலேயே திகதியிட்டு எழுதிவைக்கலாம். படகுகளின் பெட்டிகளை இறங்குதுறையில் அப்படிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.